அமுதகலசம் ஏந்திய நங்கை

குளத்தில் மீன் இருக்கிறதா என்று அறிய விரும்பிய கொக்கு ஒன்று இருந்தது. அது குளத்தை எட்டிப் பார்க்கவில்லை. படித்த கொக்கு அது. முன்னொரு காலத்தில் அக்குளத்தின்மேல் பறந்துபோன கொக்குகள் யார் யார், அவை யாரிடம் என்ன சொல்லின என்று ஊர் ஊராய் அலைந்து தொகுத்து, மீன் உண்டு என்று முடிவு கட்டியது. அந்தக் கோடையில் குளம் வற்றி, அதன் நடுவே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குளத்தின் நிலை ஆடுகளுக்குத் தெரியும். ஆனால் ஆடுகளிடம் யாரும் கேட்பதில்லை.

வீரையன் அந்த ஆடுகளின் இனத்தைச் சேர்ந்தவர். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில் மேலச்செம்பியன்குடி என்னும் ஊரில் ஒரு வேலி நிலத்துக்கு உரியவர். வயது எழுபத்திரண்டு. நாற்று விடத் தெரியும், மடை திருப்பத் தெரியும், வானத்தைப் பார்த்து மழை சொல்லத் தெரியும். அடிக்குறிப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஊர்ச் சிவன் கோயிலில், அம்மன் சன்னிதிக்கு முன்னால் ஒரு சிறு மண்டபம். அதன் சுவரில், வீதியுலா புறப்படும் அம்மனைச் சூழ்ந்து ஏழு தோழியர் நடந்துவரும் ஓவியம். ஏழாவது தோழி மற்றவர்களைவிட உயரத்தில் குறைந்தவள். வலப் புருவத்தைக் குறுக்கே வெட்டியபடி ஒரு வடு. இரட்டைப் பின்னலை மடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பாள். மற்ற அறுவர் கைகளிலும் பூத்தட்டும் சாமரமும் இருக்க, அவள் கையில் மட்டும் ஒரு சோற்றுத் தூக்கு இருக்கும்.

அவள் வானதி, வீரையனுக்கும் மங்களாம்பிகைக்கும் பிறந்த ஒரே மகள். 1993ஆம் ஆண்டுக் கோடையில், குடமுழுக்குக்காகத் திருத்துறைப்பூண்டியிலிருந்து சிங்கராயர் என்னும் ஓவியரை ஊரார் அழைத்து வந்தார்கள். கடைப் பலகைகளும் மாதாகோயில் தேர்த் தட்டிகளும் எழுதிப் பழகிய வேதக்காரர் அவர். ஒன்றரை மாதம் தங்கி வரைந்தார். மதியந்தோறும் வெயிலில் வரப்பேறி நடந்து அவருக்குச் சோறு கொண்டுபோனவள் ஒன்பது வயது வானதி. ஏழாவது தோழிக்கு முகம் தேவைப்பட்டபோது, சிங்கராயர் அவளையே தூக்கும் கையுமாக நிறுத்தி வரைந்துவிட்டார். அந்த ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் கண்டு, நான்கே நாளில் அவள் போய்விட்டாள். பள்ளியில் குழுப்படம் எடுத்த நாளில் அவள் அம்மை வார்த்து வீட்டில் கிடந்தாள். வேறு படம் எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே வானதியின் முகம் இவ்வுலகில் அந்தச் சுவரில் மட்டுமே எஞ்சியிருந்தது.

முப்பது ஆண்டுகளாக மாலைதோறும் இருவரும் மண்டபத்துக்குப் போவார்கள். மங்களாம்பிகை விளக்கேற்றி அம்மனைக் கும்பிடுவாள். பிறகு சுவரோரம் போய், குரலைத் தாழ்த்தி, "சாப்ட்டியாடி?" என்று கேட்பாள். வீரையன் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர்களுடைய வழிபாடு அவ்வளவே.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மண்டபத்தைச் சுற்றி இரும்புக் கம்பிவேலி எழுந்தது. வேலியில் ஒரு பலகை: "மராட்டியர் கால ஓவியம், கி.பி. 1765. மூச்சுக்காற்று படாவண்ணம் இருபதடி தள்ளி நிற்கவும். காவிரிப்படுகைக் கலைவரலாற்றுத் தகவல் ஆய்வகம், தஞ்சாவூர்."

மங்களாம்பிகைக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. இருபதடியில் அவளுக்குச் சுவர் மட்டுமே தெரிந்தது.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. ரிப்பன் செவப்பு மட்டுந்தான் லேசா தெரியுது. நீங்க தஞ்சாவூருக்குப் போயி, அது எங்க மவளுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. சொன்னா விட்டுடப் போறாங்க. அவங்களும் புள்ளக்குட்டிக்காரங்கதான?"

"சொன்னாப் போச்சு" என்றார் வீரையன். உண்மையைச் சொல்வது எளிது என்று அன்றுவரை அவர் நம்பியிருந்தார்.

ஆய்வகம் தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் நான்கு மாடிக் கட்டடமாக நின்றது. கலைவரலாற்றுக்கென்றே எழுப்பிய அந்த மாளிகையில் ஒரு படமும் தொங்கவில்லை. சுவர்கள் வெள்ளையாக இருந்தன. வாயிற்காவலரிடம் வீரையன் இதைக் கேட்டபோது, படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று மேலிடத்து உத்தரவு என்றார் அவர்.

இயக்குநர் முனைவர் தமிழரசன் பண்பாளர். வீரையனுக்கு நாற்காலி கொடுத்து, தேநீர் வரவழைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்தபின், "ஆதாரம்?" என்றார்.

"நானே பக்கத்துல நின்னு பாத்தேங்க."

"பெரியவரே, கண்ணால் கண்டது இங்கே ஆதாரம் ஆகாது. கண் ஏமாற்றும். கண்டவர் எழுதி வைத்தால் அது குறிப்பு. அக்குறிப்பை இன்னொருவர் தம் நூலில் எடுத்தாண்டால் அது தகவல். அந்நூலை மூவர் மேற்கோள் காட்டினால்தான் அது உண்மை. நீங்கள் மூன்று படி கீழே நிற்கிறீர்கள்."

"அப்ப ஆயிரத்து எழுநூத்து அறுவத்தஞ்சுன்னு சொன்னவங்க பாத்தாங்களா சார்?"

"பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. அவர்களிடம் நூல்கள் இருந்தன" என்றார் இயக்குநர். அவர் கேலி செய்யவில்லை. பெருமையோடு சொன்னார்.

மேற்கொண்டு விளக்கம் பெற, வீரையன் இரண்டாம் மாடியிலிருந்த நோக்குநூல் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஷமீரா என்னும் பெண் இருந்தாள். ஆய்வாளர் கேட்கும் தகவலைத் தேடி எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. நாகூர்ப் பக்கம். வீரையன் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் எழுந்துபோய் நான்கு நூல்களை எடுத்து வந்து மேசைமேல் வரிசையாய் விரித்து வைத்தாள்.

"ஐயா, இது எப்படி ஆச்சுன்னு பாருங்க. மொத ஆளு தொண்ணூத்தாறுல வந்திருக்காரு. அன்னைக்குக் கோரையாத்துல வெள்ளம். உங்க ஊருக்கு ரோடு இல்ல. நீடாமங்கலம் ஸ்டேஷன் டீக்கடையில யாரோ சொன்னதக் கேட்டுட்டு, 'மராட்டியர் காலத்தது எனக் கருத இடமுண்டு. நேரில் கண்டு உறுதி செய்க'ன்னு அடிக்குறிப்பு எழுதியிருக்காரு."

"நல்ல மனுசன்தான். சந்தேகமாத்தான் சொல்லியிருக்காரு."

"ரெண்டாவது ஆளு 'நேரில் கண்டு'ங்கிற துண்ட விட்டுட்டாரு. மூணாவது ஆளு ரெண்டாவது ஆளப் பாத்து, 'மராட்டியர் காலத்தது என அறிஞர் கருதுவர்'னு எழுதுனாரு. நாலாவது ஆளு நிறுவப்பட்டுடுச்சுன்னே எழுதிட்டாரு. வருசம் வேணுமில்ல? மராட்டியர் ஆட்சி ஆரம்பிச்ச வருசத்தையும் முடிஞ்ச வருசத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தாரு. ஆயிரத்து எழுநூத்து அறுவத்தஞ்சரை வந்துச்சு. அரைய விட்டுட்டாரு."

"பெருந்தன்மைதான்" என்றார் வீரையன்.

ஷமீராவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. "அதுக்கப்புறம் அறுபத்தேழு புத்தகம் இந்த நாலாவது புத்தகத்தச் சொல்லுதுங்க ஐயா. யாரும் உங்க ஊருக்கு வரல."

என்றாலும் வீரையனின் மனு வீண்போகவில்லை. ஆய்வகம் அவரைப் பதிவு செய்துகொண்டது. அன்று முதல் அவர் தகவலாளி எண் பதினான்கு. அந்தத் தகுதியில், சித்திரை மாதம் நடந்த கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது: 'அமுதகலசம் ஏந்திய நங்கை: பன்முகப் பார்வை'. வெள்ளை வேட்டி உடுத்தி, மங்களாம்பிகை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுடன் வீரையன் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தார்.

முதற் கட்டுரையாளர், நங்கையின் கையிலிருப்பது பாற்கடலில் தோன்றிய அமுதகலசமே என்று முப்பது பக்கங்களில் நிறுவினார். இரண்டாமவர் சிவப்பு நாடாவை எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பெண்டிர் கூந்தலில் நாடா கட்டும் வழக்கம் பண்டு இல்லை. தரங்கம்பாடியில் டென்மார்க்கு வணிகர் இருந்தனர். ஆகவே இந்நங்கை டேனியர் பண்டகசாலையோடு தொடர்புடைய செல்வக் குடியினள். கைதட்டல் எழுந்தது. மூன்றாமவர் புருவ வடுவை ஆராய்ந்தார். அது வடு அன்று. ஓவியர் குழுவின் மறைமுகக் கையொப்பம். இதே கையொப்பத்தை வேறெங்கும் காண முடியாதிருப்பதே அக்குழுவின் தனித்தன்மைக்குச் சான்று.

வீரையன் கை தூக்கினார். யாரோ ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டினார்கள்.

"அது தூக்குங்க. நீடாமங்கலம் கடத்தெருவுல வாங்குனது. கைப்பிடி ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும் பாருங்க, கெணத்துல உழுந்து பாதாளக் கொலுசு போட்டு எடுத்தோம். புருவத்துல இருக்கறது படித்துறையில வழுக்கி உழுந்த காயம். மூணு தையல். எம் மவளுங்க அது."

மேடையிலிருந்த ஒலிபெருக்கியும் அணைக்கப்படவில்லை. முதற் கட்டுரையாளர் பக்கத்திலிருந்தவரிடம், "கைப்பிடி நெளிவைப் பிறைநிலவு என்றல்லவா நாம் எழுதியிருக்கிறோம்" என்று கவலையோடு கூறியது அதில் கேட்டது.

இயக்குநர் எழுந்தார். "பெரியவரின் உணர்வை ஆய்வகம் மதிக்கிறது. நம்மைப் போன்றோர் ஓவியத்தை அறிகிறோம். அவரைப் போன்றோர் அதில் வாழ்கிறார்கள். அறிவதற்குத்தான் பயிற்சி வேண்டும். வாழ்வதற்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை. அவர் கூற்று கருத்தரங்கத் தொகுப்பில் உரிய இடம் பெறும்."

பெற்றது. ஆடியில் வெளிவந்த தொகுப்பின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில், ஒன்பதாம் அடிக்குறிப்பாக இவ்வாறு இருந்தது: "இப்பகுதி உழவர் இந்நங்கையைத் தம் குலமகளாகவே எண்ணிப் போற்றும் நாட்டார் நம்பிக்கை இன்றும் நிலவுகிறது (தகவலாளி 14). இத்தகைய நம்பிக்கை வேரூன்றக் குறைந்தது இருநூறு ஆண்டுகள் தேவை. இதனாலும் 1765 என்னும் காலக்கணிப்பு வலுப்பெறுகிறது."

இதை ஷமீரா தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, வீரையன் இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மங்களாம்பிகையிடம், "நாம அவள நெனைக்கறதே அவ நம்ம மவ இல்லைங்கறதுக்குச் சாட்சியாம்" என்றார். அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு கணம் நின்று, மறுபடி ஆடியது.

"எழுத்துல வேணுமுன்னுதான கேக்குறாங்க? அந்த ஓவியருகிட்ட எதாவது இருக்காதா?" என்றாள்.

சிங்கராயர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருத்துறைப்பூண்டியில் அவர் மகள் பிரின்ஸி ஒரு தையற்கடை வைத்திருந்தாள். வீரையன் தம்மை யாரென்று சொன்னதும், அவள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வானதி அப்பாவா? வாங்க, உக்காருங்க. உங்க வூட்டுச் சோத்தப் பத்தி எங்கப்பா சாவற வரைக்கும் பேசுனாருங்க. அந்தப் பொண்ணு சேதி கேட்டு ஒரு வாரம் பிரஷ்ஷத் தொடல."

தகரப் பெட்டி ஒன்றைத் தேடி, சாயக்கறை படிந்த நாட்குறிப்பை அவள் எடுத்துக் கொடுத்தாள். படம் எதுவும் இல்லை. வேலை விவரங்கள் மட்டுமே. 1993 மே மாதம் பதினேழாம் தேதிக்கு நேரே பென்சிலால் எழுதியிருந்தது: "மேலச்செம்பியன்குடி அம்மன் மண்டபம். ஏழாவது தோழி முடிந்தது. வீரையன் மகள் வானதி சாயல்."

வீரையன் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். ஓவியத்தைத் தொட முடியாமற்போன இத்தனை மாதங்களில் அவர் விரலுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மறுநாட் காலையில் முதற் பேருந்தில் தஞ்சாவூருக்குப் போய், நாட்குறிப்பை இயக்குநரின் மேசைமேல் வைத்தார்.

தமிழரசன் படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து வந்து வீரையனின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"பெரியவரே, நீங்கள் செய்திருப்பது எத்தகைய தொண்டு என்று உங்களுக்குத் தெரியாது! மேலே தெரிவது 1993 என்கிறது இந்த நாட்குறிப்பு. 1765 என்கின்றன அறுபத்தேழு நூல்கள். அறிஞர் அறுபத்தெழுவர் தவறியிருக்க முடியாது. அப்படியென்றால் என்ன பொருள்? 1765 கீழே இருக்கிறது! இந்த மேற்பூச்சு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது!"

வீரையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கீழ செங்கல்லுதாங்க இருக்கு. ஏற்கெனவே இருந்த காரையெல்லாம் உதுந்துபோயி வெறுஞ் செவுராக் கெடந்துச்சு. சுண்ணாம்பு அரைச்சுப் பூசுனதே நான்தான்."

"அதை எந்த நூலில் வெளியிட்டீர்கள்?"

வீரையன் தம் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீர்கள். வல்லுநர் குழு வந்து உங்களை விசாரிக்கும். நாட்குறிப்பு மெய் என்று பதிவுபெற்ற தகவலாளி உறுதிசெய்துவிட்டால், மறுநாளே மேற்பூச்சைச் சுரண்டி அகற்றும் பணி தொடங்கிவிடும்."

படியிறங்கி வந்தவரை ஷமீரா இடைவழியில் நிறுத்தினாள். அவளுக்கு அதற்குள் செய்தி தெரிந்திருந்தது.

"என்னங்க ஐயா, நேரா அங்க கொண்டுபோய்க் குடுத்துட்டீங்களே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"உண்மையத்தானம்மா குடுத்தேன்."

"இங்க உண்மைன்னா பழசுன்னு அர்த்தம் ஐயா. முந்நூறு வருசம்னா கம்பி போட்டுக் காப்பாத்துவாங்க. முப்பது வருசம்னா அழுக்கு. சுரண்டிடுவாங்க."

"அடியில ஒண்ணும் இல்லம்மா. சுரண்டிட்டுப் பாத்தா செங்கல்லுதான் வரும்."

"செங்கல் வந்தா, காலவெள்ளத்துல அழிஞ்சுபோச்சுன்னு ஒரு புத்தகம் எழுதுவாங்க." சொல்லிவிட்டு அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த டைரி பொய்னு ஆனாத்தான் படம் நிக்கும். அத நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும். ஊர்ல வேற யாரையும் கேக்க மாட்டாங்க. அவங்க யாரும் தகவலாளியாப் பதிவாகல."

விசாரணை புரட்டாசி முதல் வாரத்தில், மண்டபத்திலேயே நடந்தது. சம்பா நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடித்திருந்தன. வல்லுநர் மூவர், இயக்குநர், பதிவெழுத ஷமீரா. சாட்சிகள் என்பதால் கம்பிவேலியின் கதவைத் திறந்து வீரையனையும் மங்களாம்பிகையையும் உள்ளே விட்டார்கள். எட்டு மாதங்களுக்குப் பிறகு அவர்கள் அந்தச் சுவரை நெருங்கினார்கள். மங்களாம்பிகை கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னே நீட்டி, ஏழாவது தோழியைப் பார்த்தாள். வடு இருந்தது. ரிப்பன் இருந்தது. உதட்டோரத்தில் அந்தச் சின்னக் கோணலும் அப்படியே இருந்தது. "எளச்சாப்ல இருக்கா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"தகவலாளி எண் பதினான்கு" என்று தொடங்கினார் வல்லுநர் குழுத் தலைவர். "இந்த நாட்குறிப்பில் 'வீரையன் மகள் வானதி சாயல்' என்று காணப்படுகிறது. வீரையன் என்பவர் நீங்கள்தானே?"

"ஆமாங்க."

"உங்களுக்கு வானதி என்று ஒரு மகள் உண்டா?"

வீரையன் சுவரைப் பார்க்கவில்லை. தம் கால்விரல்களைப் பார்த்தார். வயற்சேறு காய்ந்து நகக்கண்ணில் வெளுத்திருந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகளில் அவர் மடை விஷயத்தில்கூடப் பொய் சொன்னதில்லை; காவிரிப் படுகையில் அப்படி ஒருவரைக் காண்பது அரிது.

"இல்லீங்க" என்றார்.

"பதிவாகவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள்."

"இல்லீங்க. எனக்குப் பொண்ணு இல்லீங்க."

இரண்டாம் வல்லுநர் படிவத்தைப் புரட்டினார். அவர் நுணுக்கமானவர். "இல்லை என்றால், இருந்து இறந்தாளா, பிறக்கவே இல்லையா? இங்கே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில்தான் குறியிட முடியும்."

ஷமீராவின் பேனா தாளின்மேல் நின்றது.

"பொறக்கவே இல்லீங்க" என்றார் வீரையன்.

"அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மங்களாம்பிகை சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் புள்ள பெத்தவ இல்லைங்க" என்றாள். "இந்தப் பக்கம் சும்மா வெளக்கேத்த வருவோம். அவ்வளவுதான்."

நாட்குறிப்பு பொய்யாவணம் என்று தள்ளப்பட்டது. 1765 நிலைநாட்டப்பட்டது. இயக்குநர் சிறிது ஏமாற்றமடைந்தாலும் பெருந்தன்மையோடு பேசினார்: "முதியவர் தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்டார். மக்கட்பேறு இல்லாதவர்கள் ஓவியங்களில் பிள்ளைகளைக் காண்பது இயல்பே; இதுபற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத இடமுண்டு. இந்த ஓவியத்தை இனி எவரும் தீண்டமாட்டார் என்று உறுதி கூறுகிறேன்." சொன்ன சொல்லைக் காத்தார். அவர்கள் வெளியே வந்ததும் கதவு பூட்டப்பட்டது. ஷமீரா தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவை அடுக்கில் நிற்கவில்லை.

இருவரும் வாய்க்கால் கரையில் வீட்டை நோக்கி நடந்தார்கள். தண்ணீர் கரை தொட்டு ஓடிற்று. எதிரே வந்த யாரோ, "என்னண்ணே, முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். "முடிஞ்சுதுப்பா. ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம்" என்றார் வீரையன். அவர்கள் போனபின் மங்களாம்பிகை முன்னே நடந்தாள். மதகருகே வந்ததும் நின்றாள்.

"ஏங்க."

"ம்."

"நாம பேசுனது அவ காதுல உழுந்திருக்குமாங்க?"

வீரையன் மதகின் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பலகையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து ஒன்றைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மொதத் தடவ மெதுவாத்தான் சொன்னேன், மங்களம்" என்றார்.